மணிக்கு எத்தனை ரூபாய்?

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்துகிறீர்கள். ஊழியர் மீட்டரில் பூஜ்ஜியத்தைக் காட்டிவிட்டுத்தான் போடுகிறாரா, காற்றடிக்கக் காசு கேட்கிறாரா, கழிவறை சுத்தமாக இருக்கிறதா என்று கவனித்துவிட்டு வந்து எழுதித் தந்தால் பணம் தருகிறார்கள். மிஸ்டரி ஷாப்பிங் என்று இதற்குப் பெயர். அமெரிக்காவில் கடை, வங்கி ஊழியர்களின் கை சுத்தத்தைச் சோதிக்கத் தொடங்கிய வேலை இது. இன்று நம் ஊரிலும் செல்போன் கடை, கார் ஷோரூம், பீட்சா கடை, வங்கிக் கிளை எல்லாவற்றுக்கும் யாரென்று சொல்லிக்கொள்ளாத வாடிக்கையாளர்கள் போய் வருகிறார்கள்.

பகுதி நேரமாக இதில் இறங்குகிறவர்கள் எல்லோரும் கேட்பது, “ஒரு விசிட்டுக்கு எவ்வளவு தருவாங்க?” என்றுதான். மணிக்கு எவ்வளவு நிற்கிறது என்று கணக்குப் போடாமல் இந்த வேலைக்குப் போகவே கூடாது என்பேன்.

ஒரு உதாரணக் கணக்கு. அண்ணா நகரில் இருக்கும் ஒருவருக்கு வேளச்சேரி ஓட்டல் ஒன்றில் வேலை வருகிறது. கட்டணம் 400 ரூபாய்; சாப்பாட்டுச் செலவு 600 ரூபாய் வரை திரும்பக் கிடைக்கும். கேட்கும்போது ஆயிரம் ரூபாய் போலத் தெரியும். அந்த 600 ரூபாய் நம் கையிலிருந்து போய்த் திரும்பி வரும் பணம், வருமானத்தில் சேராது. போய்வர இரண்டு மணி நேரம், உள்ளே முக்கால் மணி, வீட்டுக்கு வந்து அறிக்கை எழுத ஒன்றேகால் மணி. பெட்ரோலுக்கு 80 ரூபாய் கழித்தால் மீதி 320. நான்கு மணி நேரத்துக்கு, மணிக்கு 80 ரூபாய்.

அதே ஆள் தன் வீட்டைச் சுற்றி கோயம்பேடு, வடபழனி வழியில் மூன்று பெட்ரோல் பங்க்குகளைத் தலா 150 ரூபாய்க்கும், ஒரு செல்போன் கடையை 300 ரூபாய்க்கும் ஒரே சுற்றில் முடிக்கிறார் என்று வையுங்கள். பயணம், பார்வை, நான்கு அறிக்கை எல்லாம் சேர்த்தும் அதே நான்கு மணி நேரம்தான் ஆகும். 70 ரூபாய் பெட்ரோல் போனால் 680 மிஞ்சும். மணிக்கு 170. இந்த வேலையில் ஓரளவு சம்பாதிப்பவர்கள் சுற்று போடத் தெரிந்தவர்கள். ஒரு வேலைக்காக ஊரின் மறுகோடிக்கு ஓடமாட்டார்கள். வேறு காரியமாக அந்தப் பக்கம் போகிற நாளில் எடுத்துக்கொள்வார்கள். மாதக் கடைசியில், ஆள் கிடைக்காத கிளைகளுக்கு நிறுவனங்கள் கட்டணத்தைக் கூட்டித் தருவதும் உண்டு. அதற்காகக் காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நேரத்தைத் தின்பது அறிக்கைதான். உள்ளே நுழைந்தது எத்தனை மணிக்கு, எத்தனை வினாடியில் வணக்கம் சொன்னார்கள், சட்டையில் இருந்த பெயர் என்ன, எந்த மாடலை முதலில் காட்டினார், விலை அதிகம் என்றபோது என்ன சொன்னார் என்று கேள்விகள் நீளும். அங்கே நின்று குறிப்பெடுக்க முடியாது. அனுபவமுள்ளவர்கள் வெளியே வந்த கையோடு, வண்டியை எடுப்பதற்கு முன்பே, நடந்ததையெல்லாம் செல்போனில் பேசிப் பதிந்துவிடுகிறார்கள். பில்லைப் படமெடுக்க மறந்தால் போன வேலை வீண். பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் அறிக்கை திரும்பி வரும். திருத்தும் நேரத்துக்குத் தனிச் சம்பளம் கிடையாது. பணம் கைக்கு வர ஒரு மாதம், இரண்டு மாதம்கூட ஆகலாம்.

இருந்தும் அந்த அறிக்கையில் அவசரம் கூடாது. எதிரில் நிற்கும் ஊழியரின் ஊக்கத்தொகை நாம் போடும் ஒரு டிக்கில் குறையலாம். நினைவில்லாததை ஊகித்து எழுதுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். உண்மையாக எழுதினால் இந்த வேலைக்குப் பெரிய பலம் உண்டு. சந்தோஷ் அனகோல், ஷான் கோல், ஷயக் சர்க்கார் ஆகிய ஆய்வாளர்கள் இந்தியாவில் ஆயுள் காப்பீட்டு முகவர்களிடம் இப்படித்தான் ஆட்களை அனுப்பினார்கள். மலிவான டேர்ம் பாலிசியே பொருத்தமாக இருந்தவர்களுக்கும், கமிஷன் அதிகம் தரும் பாலிசியைத்தான் பெரும்பாலான முகவர்கள் பரிந்துரைத்தார்கள் என்பது அதில் வெளிப்பட்டது.

பகுதி நேரமாகப் போகக்கூடிய இன்னொரு வேலையான சந்தை ஆய்வுக்கு வருவோம். மணிக்கணக்கில் பார்த்தால் குழுக் கலந்துரையாடல்தான் லாபம். ஏழெட்டுப் பேரை உட்காரவைத்து ஒரு சோப்பைப் பற்றியோ டிவி விளம்பரத்தைப் பற்றியோ ஒன்றரை, இரண்டு மணி நேரம் பேச வைப்பார்கள். முடிந்ததும் கையில் கவரோ பரிசுக் கூப்பனோ கிடைக்கும். அறிக்கை எழுதும் வேலை இல்லை. ஆனால் அடிக்கடி வராது. ஆள் எடுக்கும்போது வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா, வாஷிங் மெஷின் இருக்கிறதா, விவசாய நிலம் உண்டா என்று கேட்பார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 2011இல் வந்த வகைப்பாடு, குடும்பச் செலவுக்கு அதிகம் தருபவரின் படிப்பையும், 11 பொருள்களில் எத்தனை வீட்டில் இருக்கின்றன என்பதையும் வைத்தே குடும்பங்களைப் பிரித்தது. அண்மையில் வேறு ஆய்வில் கலந்துகொண்டீர்களா என்றும் கேட்பார்கள். ஆள் சேர்ப்பவர், “இல்லைன்னு சொல்லிடுங்கக்கா” என்று சொல்லிக்கொடுத்தாலும் சொல்லாதீர்கள். பொய்யை வைத்து ஒரு நிறுவனம் பொருளை மாற்றும். அதை நாமேதான் கடையில் வாங்குவோம்.

ஆன்லைன் சர்வேயை நம்பி உட்கார வேண்டாம். பத்து நிமிடம் பதில் சொன்ன பிறகு ‘நீங்கள் இதற்குப் பொருந்தவில்லை’ என்று கதவை மூடிவிடும் சர்வேக்கள் ஏராளம்.

அதைவிட ஆபத்து டெலிகிராமில் வரும் ‘டாஸ்க்’. ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி முதலில் நூறு, இருநூறு தருவார்கள். பிறகு ‘பிரீபெய்ட் டாஸ்க்’ என்று நம்மிடமே பணம் கட்டச் சொல்லி மொத்தமாகச் சுருட்டிவிடுவார்கள். பொருள் வாங்கி பில் காட்டித் திரும்பப் பெறுவது வேறு. சேர்வதற்கோ, சம்பளத்தை விடுவிப்பதற்கோ பணம் கேட்டால் அது மோசடி. ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு போன் செய்யுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும்.

சந்தை ஆய்வுத் தொழிலில், கேள்விப் படிவத்தோடு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் பெண்களும் இருக்கிறார்கள். முடித்த படிவத்துக்கு இவ்வளவு என்று பேசி அவர்களை அனுப்புவது வழக்கம். பூட்டிய வீடு, “எங்களுக்கு எதுவும் வேண்டாம்மா” என்று விரட்டும் வீடு, பாதிக் கேள்வியில் எழுந்துபோகும் வீடு எதற்கும் கூலி இல்லை. மேலாளர் மறுநாள் அந்த வீட்டுக்கு போன் செய்து சரிபார்க்கும்போது ஒரு பதில் மாறியிருந்தால் படிவமே செல்லாது. ஆய்வை வாங்கும் பெரிய நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தத்தில் படிவக் கணக்கை எடுத்துவிட்டு நாள் சம்பளமும் பயணப்படியும் கட்டாயம் என்று எழுத வேண்டும். மிஸ்டரி ஷாப்பிங் வேலை தரும் நிறுவனங்களும் ஒவ்வொரு வேலையின் கட்டணத்துக்குப் பக்கத்தில், அறிக்கை உட்பட எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை அச்சிட வேண்டும்.