தோலால் வாழும் தேரை

கல்லைப் பிளந்தால் உள்ளே தேரை உயிரோடு இருக்கும் என்பது நம் ஊர்களில் எல்லோரும் கேட்டு வளர்ந்த சங்கதி. ஐரோப்பாவிலும் இந்த நம்பிக்கை வெகுகாலம் இருந்தது. குவாரியில் பாறையை உடைத்தபோது தேரை தாவி வந்தது என்ற செய்திகள் அங்கே அடிக்கடி அச்சேறின. ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் கற்பித்துவந்த வில்லியம் பக்லண்ட், இதைச் சோதித்தே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். 1825 நவம்பரில் நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புக் கல்லில் 12 குழிகளும் கெட்டியான மணற்கல்லில் 12 குழிகளும் வெட்டி, குழிக்கு ஒரு தேரையாக இறக்கி, கண்ணாடியால் மூடி, ஓரங்களைப் பூசி, தன் தோட்டத்தில் மூன்றடி ஆழத்தில் புதைத்தார். ஓராண்டு கழித்துத் தோண்டிப் பார்த்தபோது மணற்கல்லில் இருந்தவை அத்தனையும் செத்து அழுகியிருந்தன. சுண்ணாம்புக் கல்லில் இருந்த பெரிய தேரைகளில் பெரும்பாலானவை உயிரோடு இருந்தன! அவற்றை மறுபடி புதைத்தார். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அவையும் மாண்டுபோயின.

இரக்கமற்ற சோதனைதான். இன்று எந்த ஆய்வுக்கூடமும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது. ஆனால் தேரையைப் பற்றிய முக்கியமான உண்மை ஒன்று அதில் வெளிப்பட்டது. காற்றும் ஈரமும் கசிந்து வரும் இடமாக இருந்தால், இரை இல்லாமலேயே நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும் பிராணி அது. நம்மைப் போல உடலைச் சூடாக வைத்திருப்பதற்காக அது சாப்பிட வேண்டியதில்லை. பாறைக் கதைகளுக்கும் பக்லண்ட் ஒரு விளக்கம் சொன்னார். விரல்நகம் அளவே உள்ள குட்டித் தேரை ஒரு வெடிப்பு வழியாக உள்ளே போகிறது. அங்கே வரும் பூச்சிகளைத் தின்று வளர்கிறது. பிறகு வந்த வழியே வெளியேற முடியாத அளவுக்குப் பெருத்துவிடுகிறது.

அந்தச் சோதனையில் சாவையும் பிழைப்பையும் பிரித்ததில் காற்றோடு ஈரத்துக்கும் பங்கு இருந்திருக்கலாம். தேரையின் உடலில் ஈரத்தோடு உறவு வைத்திருக்கும் உறுப்பு அதன் தோல். தேரை வாயால் தண்ணீர் குடிப்பதே இல்லை. அடிவயிற்றிலும் தொடைகளின் உட்புறத்திலும் மெல்லிய தோல் பகுதி ஒன்று இருக்கிறது. ரத்தக் குழாய்கள் அடர்ந்த அந்தப் பகுதியை நனைந்த மண்ணில் அழுத்தி உட்கார்ந்தால் போதும், தண்ணீர் உடலுக்குள் ஏறும். மூத்திரப்பையில் சேரும் நீரையும் வறட்சி வந்தால் உடலுக்குள் திரும்ப இழுத்துக்கொள்ளும். தேரையைக் கையில் எடுத்தவுடன் அது பீய்ச்சுகிறதே, அது விஷமல்ல. அடுத்த மழை வரைக்கும் அது சேர்த்து வைத்த தண்ணீர். விளையாட்டாக ஒரு தேரையைத் தூக்கினாலும் அதன் சேமிப்பைக் கொட்டிவிடுகிறோம்.

தோலின் இன்னொரு வேலை பாதுகாப்பு. தேரைக்கு நகமில்லை, பல்லில்லை, தவளையைப் போலத் தாவி மறையும் நீண்ட கால்களும் இல்லை. கண்களுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக, அவரை விதை வடிவில் இரண்டு மேடுகள் தெரியும். அவை பரோட்டாய்டு சுரப்பிகள். வாயில் கவ்வி அழுத்தினால் வெள்ளையாகப் பால் போன்ற நஞ்சு கசியும். இதயத் தசையில் சோடியம், பொட்டாசியம் அயனிகளை மாற்றிக்கொண்டிருக்கும் நுண்ணிய பம்ப்பை அந்த நஞ்சு நிறுத்திவிடும். டிஜிட்டாலிஸ் என்ற இதய மருந்து வேலை செய்வதும் அதே இடத்தில்தான். தேரையையும் அதன் முட்டையையும் சமைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. வீட்டு நாய் தேரையைக் கவ்வி வாயில் நுரை தள்ளினால், தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாதபடி வாயை நன்றாகக் கழுவிவிட்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நாம் தொடுவதால் நமக்கு ஒன்றும் ஆகாது. கண்ணிலோ வாயிலோ விரலை வைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். மரு வருவதும் தேரையால் அல்ல, மனிதர்களிடையே பரவும் ஒரு வைரஸால்.

பாவம், தேரையின் மேல் சுமத்தப்பட்ட பழிகள் கொஞ்சமா? தேங்காய் பருப்பில்லாமல் போனால் தேரை மோந்துவிட்டது என்பார்கள். அதற்குத் தென்னை ஏறத் தெரியாது. மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காததும் மரத்துக்குச் சத்துப் போதாததும்தான் காரணம். குழந்தை கை கால் சூம்பி மெலிந்தால் தேரை தோஷம் என்று மந்திரிக்கக் கொண்டுபோகும் வழக்கம்தான் ஆபத்தானது. அந்தக் குழந்தைக்குத் தேவை மருத்துவரும் சத்தான உணவும். அங்கே தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் உயிரோடு விளையாடுவதாகும்.

நம் வாசல் விளக்கடியில் வந்து உட்காரும் தேரையின் அறிவியல் பெயர் தத்தாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ். ஜெர்மானியரான ஷ்னைடர் 1799-இல் இதை விவரித்தார். இதன் இன்றைய பேரினப் பெயர், இந்திய இருவாழ்வி ஆய்வாளர் சுசீல் குமார் தத்தாவைச் சிறப்பிக்க 2006-இல் வைக்கப்பட்டது. தலையில் கறுத்த எலும்பு வரம்புகளும் முதுகில் நுனி கறுத்த பருக்களும் இதன் அடையாளம். மழை பிடித்ததும் ஆண்கள் மஞ்சள் பூத்து, தேங்கிய நீரில் உட்கார்ந்து கத்தும். பெண்ணின் முதுகில் ஏறி அக்குளைக் கட்டிப் பிடிக்கும். அவசரத்தில் இன்னோர் ஆணைப் பிடித்துவிட்டால், பிடிபட்டது ‘விடு’ என்பதற்கென்றே உள்ள தனிக் குரலை எழுப்பும். தவளை முட்டைகள் கும்பலாகக் கிடக்கும். தேரை முட்டைகளோ வழுவழுப்பான நீண்ட சரங்களில் கறுப்பு மணிகளாகக் கோத்திருக்கும். ஆயிரக்கணக்கான முட்டைகளிலிருந்து கரிய தலைப்பிரட்டைகள் கூட்டமாகக் கிளம்பும். அவற்றில் வளர்ந்து இணை சேர்வது மிகச் சிலவே.

இரை பிடிக்கும் விதத்தில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. தேரையின் நாக்கு வாயின் முன்பக்கத்தில் ஒட்டியிருப்பதால் வெளியே மடங்கி விழும். பிடித்ததை விழுங்கும்போது கண்களை இறுக மூடும். விழிகள் உள்ளே அமிழ்ந்து இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவும். ஜெர்மனியில் யோர்க்-பீட்டர் எவெர்ட் என்ற ஆய்வாளர் தேரைகளுக்கு முன்னால் அட்டைப் பட்டைகளை நகர்த்திக் காட்டினார். பட்டை தன் நீளவாக்கில் நகர்ந்தால் தேரை அதைப் புழுவாக எடுத்துக்கொண்டு பாய்ந்தது. அதே பட்டையை நிமிர்த்திப் பக்கவாட்டில் நகர்த்தினால் சட்டை செய்யவில்லை. அசையாத பொருளை அது பெரும்பாலும் இரையாகவே எண்ணாது. செத்த பூச்சிகள் சூழக் கிடந்தாலும் பட்டினி கிடக்கும்.

தேரையை வளர்ப்பது புது மோகம் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் தாமஸ் பென்னன்ட் எழுதிய பிரிட்டிஷ் விலங்குகள் பற்றிய நூலில் ஒரு தேரை வருகிறது. டெவன்ஷயரில் ஆர்ஸ்காட் என்பவர் வீட்டு வாசல்படி அடியில் அது 36 ஆண்டுகளுக்கு மேல் இருந்ததாம். மாலையில் விளக்குக்கு வரும். மேசையில் தூக்கி வைத்துப் புழு ஊட்டுவார்கள். கடைசியில் வளர்ப்பு அண்டங்காக்கை ஒன்று அதன் கண்ணைக் கொத்திவிட்டது. அந்தக் காயத்தோடு ஓராண்டு போல இருந்து இறந்தது. அந்தத் தேரையைக் கூண்டில் அடைக்கவில்லை என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று தேரை வளர்ப்பவர்கள் ஏராளம். நன்றாக வளர்க்கிறவர்கள் எல்லோரும் தோலிலிருந்தே தொடங்குகிறார்கள். தொட்டி உயரமாக இருப்பதைவிட அகலமாக இருக்க வேண்டும். உரம் கலக்காத மண்ணோ தேங்காய் நார்த் தூளோ, தேரை உடலைப் புதைத்துக்கொள்ளும் ஆழத்துக்கு நிரப்ப வேண்டும். ஒளிய ஓர் ஓட்டுத் துண்டு. ஏறி இறங்கத் தோதான ஆழமில்லாத தட்டில் தண்ணீர். அது குளோரின் நீக்கிய நீராக இருக்க வேண்டும், தினமும் மாற்ற வேண்டும். தோலால் குடிக்கும் உயிருக்கு அழுக்குத் தண்ணீர் வைப்பது அதை மெல்லக் கொல்வதற்குச் சமம். இரை உயிருள்ளதாக இருக்க வேண்டும்: மண்புழு, சிள்வண்டு, கரப்பான் குஞ்சு. தேரையின் இரு கண்களுக்கு நடுவிலுள்ள அகலத்தைவிடப் பெரிய இரை வேண்டாம். அதன் மேல் கால்சியம், வைட்டமின் டி3 தூளைத் தூவித் தராவிட்டால் எலும்பு நொய்ந்து வளைந்துவிடும். வளர்ந்த தேரைக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் உணவு போதும். கேட்கிறதே என்று தினமும் கொடுத்தால் கொழுத்து நோய்ப்படும். அவ்வப்போது தன் தோலை உரித்துத் தானே தின்னும்; பயப்பட வேண்டாம், அது இயல்பு. கையில் எடுத்துக் கொஞ்சுவதற்கான பிராணி இது இல்லை. நம் கையின் வியர்வை, உப்பு, கிரீம் எல்லாம் அந்தத் தோல் வழியாக உள்ளே போகும்.

வாங்கியதைச் சலித்துப்போய்த் தோட்டத்தில் விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கரும்பு வண்டை ஒழிக்க 1935-இல் ஹவாயிலிருந்து குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்த நூறு சொச்சம் தேரைகள் வண்டை ஒழிக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் வடபகுதி முழுக்கப் பரவி அங்குள்ள விலங்குகளைச் சாகடித்தன. நம் வாசல் தேரையே 2014-இல் மடகாஸ்கரின் துறைமுக நகரான டோமசினா பகுதியில் காணப்பட்டது. அங்குள்ள பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இதன் நஞ்சைத் தாங்கும் சக்தி இல்லை. இன்னொரு பக்கம், இருவாழ்விகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை விற்பனைத் தொட்டிகள் வழியாகவும் நாடு விட்டு நாடு போயிருக்கிறது. 2019-இல் வெளிவந்த கணக்கின்படி அது குறைந்தது 501 இனங்களைக் குறைத்தது; அவற்றில் 90 இனங்கள் அழிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. தோலைத் தாக்கினால், அதன் வழியே தேரை பெறும் மூச்சையும் தண்ணீரையும் சேர்த்தே பறித்ததாகும்.

நம் நாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தேரையைப் பிடித்துத் தொட்டியில் போடாதீர்கள். காட்டுயிர்களை அடைத்து வைப்பதற்கு வனத்துறைச் சட்டங்களும் குறுக்கே நிற்கலாம். வீட்டைச் சுற்றிப் பூச்சிமருந்து தெளிப்பதை நிறுத்துங்கள். கொல்லை முழுவதும் சிமென்ட் பூசாமல் ஒரு மூலையிலாவது மண்ணும் சருகும் ஈரமும் இருக்கட்டும். நிழலில் ஒரு அகலத் தட்டில் தண்ணீர் வைத்து, கொசு முட்டையிடாமல் தினமும் மாற்றுங்கள். மழைக்காலத்தில் வாசல் கதவைத் திறக்கும்போதும் வண்டியைக் கிளப்பும்போதும் கீழே ஒருமுறை பாருங்கள்.