சரிவை அழிக்காமல் ஒரு வீடு வரைவது

வீடு வரையும் கணினி மென்பொருள் எதைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு வெறுந்தரை. எல்லாத் திசையிலும் ஒரே மட்டமாக விரிந்து கிடக்கும். யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுபவருக்கு அதனால் தொல்லை இல்லை. ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கம் 7 பேர்ச்சஸ் காணியில் வீடு வரைய உட்காருபவருக்கோ பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. காணியின் உண்மையான சரிவைப் படத்தில் கொடுத்ததும் பின்சுவர் மண்ணுக்குள் புதைகிறது. முன்வாசல் அந்தரத்தில் நிற்கிறது. படிகள் தரையைத் தொடாமல் முடிகின்றன. இதை மென்பொருளின் கோளாறு என்று எண்ணி, பெரும்பாலானோர் கையிலெடுப்பது நிலத்தைச் சமமாக்கும் கட்டளையைத்தான். ஒரு சொடுக்கில் படம் ஒழுங்காகிவிடுகிறது. மலைநாட்டு வீட்டுப் படங்கள் கெடுவது இந்தச் சொடுக்கில்தான் என்பேன். திரையில் தீர்ந்துபோன சிக்கல் மலையில் மண்வெட்டாகத் திரும்பி வருகிறது.

எவ்வளவு மண் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்திய உதவி வீட்டுத்திட்டத்தின்கீழ் தோட்டங்களில் கட்டப்பட்ட வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி கொண்டவை. அந்தப் பரப்பை 27½ அடி நீளம், 20 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். நிலத்தின் சரிவு 20 பாகை. மலைநாட்டில் இது கடுஞ்சரிவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். நீளப்பக்கம் மலையின் மேலிருந்து கீழ்நோக்கி அமைந்தால், பின்புறம் 10 அடி உயரத்துக்கு மண் வெட்டவேண்டும்; வெட்டியெடுக்கும் மண் ஏறத்தாழ 27½ கியூப். அதே வீட்டைத் திருப்பி, நீளப்பக்கம் சரிவுக்குக் குறுக்கே வரும்படி வைத்தால் வெட்டு 7 அடி 3 அங்குலமாகவும் மண் 20 கியூப்பாகவும் குறைகிறது. வீட்டின் தரையை ஒரே மட்டமாக வைக்காமல், பின்பாதி ஒரு மட்டம், முன்பாதி அதற்குக் கீழே ஒரு மட்டம் என்று இரண்டாக்கினால் ஒவ்வொரு வெட்டும் 3 அடி 8 அங்குலம்தான். மொத்த மண் 10 கியூப். சுவர், கதவு, யன்னல் எதுவும் குறையவில்லை. வீடு நிற்கும் விதம் மட்டும் மாறியதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு மண் மலையிலேயே தங்கிவிட்டது. 10 அடி வெட்டுக்குப் பொறியியலாளர் கணக்கிட்ட மதில் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு மழைக்காலமும் அச்சம்தான். நாலடிக்குள் அடங்கும் வெட்டைத் தாங்குவது அதைவிட மிக எளிது.

வெட்டிய மண்ணை முன்புறம் கொட்டி மேடாக்கினால் வெட்டு பாதியாகிவிடுமே என்று கேட்கலாம். கணக்குச் சரிதான். ஆனால் வீட்டின் பாதி அசையாத பழைய மண்ணிலும் மறுபாதி நேற்றுக் கொட்டிய மண்ணிலும் நிற்கும். கொட்டிய மண் மழையில் ஊறி அமிழும். இரண்டும் சேருமிடத்தில் சுவர் வெடிக்கும். மென்பொருள் இந்த வேறுபாட்டைத் தானாகக் காட்டாது, இரண்டையும் ஒரே பச்சைத் தரையாகவே வரையும். வெட்டிய பகுதிக்கு ஒரு நிறமும் கொட்டிய பகுதிக்கு வேறொரு நிறமும் கொடுத்துப் பார்த்தால், அத்திவாரம் எங்கே ஆழமாக இறங்கவேண்டும் என்பது படத்திலேயே தெரிந்துவிடும்.

ஆகவே வேலை நிலத்திலிருந்து தொடங்கவேண்டும். 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,906 சதுர அடி, அதாவது பக்கத்துக்கு 44 அடி கொண்ட ஒரு சதுரம். பத்தடிக்கு ஒரு முளை என்று 25 முளைகள் அடித்து, பாஸ்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயால் ஒவ்வொன்றின் உயரத்தையும் குறித்துக்கொண்டால் சமவுயரக் கோடுகள் வரையப் போதும். ஸ்கெட்ச்அப் மென்பொருளில் இந்தக் கோடுகளை உயரப்படி அடுக்கினால் சாண்ட்பாக்ஸ் கருவி அவற்றைச் சரிவான பரப்பாக்கிவிடும். ரெவிட்டின் 2024 பதிப்பிலிருந்து நிலத்தைத் திண்மப் பொருளாகவே கையாளலாம். வெட்டும்போது எவ்வளவு மண் போகிறது என்று கணக்கும் சொல்லும். சீஃப் ஆர்க்கிடெக்ட் கட்டடத்தின் கீழுள்ள நிலத்தைக் கேட்காமலே சமமாக்கிவிடும். அந்த அமைப்பை முதலில் நிறுத்தி வைக்கவேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஸ்வீட் ஹோம் த்ரீடியில் சரிந்த நிலம் இல்லை. சரிவை வேறிடத்தில் உருவாக்கிக் கொண்டுவர வேண்டியிருக்கும். ஆனால் மாடிகளுக்கென உள்ள மட்ட வசதியில் உயரத்தை நாமே மாற்றலாம் என்பதால், இரண்டு மட்ட வீட்டை அதிலும் வரையலாம். எந்த மென்பொருளானாலும் அறைகளை அடுக்குமுன் நிலத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் குறுக்குவெட்டுப் படம் ஒன்றைத் திரையில் நிறுத்திவைப்பது நல்லது. மேலிருந்து பார்க்கும் தரைப்படத்தில் மலை தெரிவதில்லை.

வெயிலிலும் இதே வகைப் பிழை நேர்கிறது. இடம் குறிக்காத ஸ்கெட்ச்அப் படத்தில் நிழல் விழுவது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள போல்டர் நகரக் கணக்கில். அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே நிற்கும். நுவரெலியாவோ வடக்கு 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முற்பகுதியிலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை அங்கே நண்பகல் வெயில் வடபுறமிருந்து விழும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் ஈரத்தோடும் குளிரோடும் வாழும் குடும்பத்துக்குக் கிடைக்கும் வெயில் ஒவ்வொன்றும் பெறுமதியானது. தவறான ஊரின் நிழலை நம்பி வடசுவரை யன்னலின்றி மூடிவிடும் வீட்டில் பூஞ்சணமும் ஈர நெடியும் நிலைத்துவிடும். இடத்தைச் சரியாகக் குறிக்க எடுப்பது ஒரு நிமிடம்.

தண்ணீரை எந்த வீட்டு மென்பொருளும் தானாக வரைவதில்லை. எனக்கு இதுவே மிகப் பெரிய குறையாகப் படுகிறது. 550 சதுர அடி வீட்டின் கூரை, இறவாரத்தோடு சேர்த்து 700 சதுர அடி என்று கொள்வோம். ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தக் கூரையில் மட்டும் ஏறத்தாழ 4,900 லீற்றர் தண்ணீர் விழும். அது பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் இடையே இறங்கினால் மண்ணின் அடியை அரிக்கும். கூரையை ஒரே சாய்வாக்கி, தண்ணீரைப் பள்ளப்பக்கம் இறக்கி, பின்புறக் கானையும் அது போய்ச் சேரும் தோட்டக் கானையும் படத்தில் கோடாக இழுத்துவிடவேண்டும். அந்தக் கோடு அடுத்த வீட்டுக்காரரின் பின்சுவரில் போய் முடிந்தால் படம் இன்னும் முடியவில்லை.

அனுபவமுள்ள ஒரு பாஸுக்கு இதெல்லாம் கண் பார்த்ததும் தெரியுமே, கணினி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பழைய லயங்களில் வாழ்வதற்கு இடமில்லை, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் தலைமுறைகள் முடங்கின. ஆனாலும் அவை பெரும்பாலும் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் நீளவாக்கில் அமைந்தவை. அந்த மட்ட அறிவு பாஸ்மாரின் கையில் இன்றும் இருக்கிறது. ஆனால் பாஸ் வருவதற்கு முன்பே வீட்டின் வடிவம் முடிவாகிவிடுகிறது. முன்பு சொன்ன இந்திய உதவித் திட்டத்தின் 4,000 வீடுகளுக்குப் பின் மேலும் 10,000 வீடுகள் கட்டப்படும் என்று 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தார். இத்தனை வீடுகள் மாதிரிப் படத்தை வைத்தே எழும்பும். சமதரையில் வரைந்த மாதிரி ஒன்று நூறு சரிவுகளில் நூறு தடவை மலையை வெட்டவைக்கும்; சரிவில் வரைந்த மாதிரி அத்தனை தடவையும் மண்ணைக் காப்பாற்றும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும் மண்ணின் உள்ளே என்ன இருக்கிறது என்று படத்துக்குத் தெரியாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களைப் புதைத்த மண் மேலேயிருந்து வந்தது. இடர் பற்றி முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையிலும் மலைநாடு மண்சரிவுகளில் உயிர்களை இழந்தது. அத்தகைய இடத்தில் எந்த வீட்டு வடிவமும் காப்பாற்றாது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். அதனால்தான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கைக்கு வந்தபிறகே கணினியைத் திறக்கவேண்டும். கட்டலாம் என்று அறிக்கை சொன்ன நிலத்தையும் பத்தடி வெட்டி நாமே ஆபத்தாக்கிவிடாமல் இருப்பதற்குத்தான் இந்தப் படவேலை.

இரண்டு மட்ட வீட்டில் படி ஏறவேண்டுமே என்ற குறையும் உண்மையானது. ஆயுள் முழுவதும் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய தாய்மாரின் முழங்கால்களுக்கு வீட்டுக்குள்ளும் ஆறு படி என்பது சின்ன விஷயமல்ல. ஒரு படுக்கையறை, சமையலறை, கழிவறை மூன்றையும் ஒரே மட்டத்தில், பாதையோடு சேரும் பக்கத்தில் வைத்து, கூடத்தையும் பிள்ளைகளின் அறையையும் அடுத்த மட்டத்துக்கு அனுப்பினால் பெரியவர்கள் படி ஏறாமலே நாளைக் கழிக்கலாம். அத்திவாரச் செலவு சற்றுக் கூடும். மண் வெட்டும் கூலியிலும் மதில் செலவிலும் மிஞ்சும் பணத்தை அதற்கெதிரே வைத்துப் பார்த்துத்தான் அது அதிகமா இல்லையா என்று சொல்லமுடியும். அந்த ஒப்பீட்டைக் குடும்பங்களின் தலையில் சுமத்தக்கூடாது. மாதிரிப் படம் கொடுக்கும் நிறுவனங்கள் 10 பாகைச் சரிவுக்கு ஒன்று, 20 பாகைக்கு ஒன்று, பாதை மேலே இருந்தால் ஒன்று, கீழே இருந்தால் ஒன்று என்று தனித்தனிப் படங்களை, மண் அளவும் கானும் குறித்து, திருத்தக்கூடிய கணினிக் கோப்பாகவே கொடுக்கவேண்டும். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் படவரைவு படிக்கும் இளைஞர்கள் மிச்ச வேலையைக் காணிக்கு ஏற்றபடி செய்துகொள்வார்கள்.