படத்துக்கு ஏன் விக்கல்?

கொட்டாம்பட்டியில் ஒரு மாணவர், தம் வீட்டுக் கணிப்பொறியில் கேம்கியூப் விளையாட்டு ஒன்றை ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படம் சீராக ஓடுகிறது. புதிய எதிரி தோன்றியதும் ஒரு கணம் நின்று, விக்கிவிட்டு மீண்டும் ஓடுகிறது. "புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கு" என்பார்கள் நண்பர்கள். பணம் செலவழிக்கும் முன் காரணத்தைப் பார்ப்போம்.

கேம்கியூப், நிண்டெண்டோ நிறுவனம் 2001-இல் வெளியிட்ட விளையாட்டுப் பெட்டி. கணிப்பொறியை அந்தப் பெட்டிபோல நடிக்க வைக்கும் புரோகிராமே எமுலேட்டர். 2003-இல் வெளிவந்த டால்ஃபின் அத்தகையது. வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமானால், ஒரு படத்தை வரையக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி வினாடிதான்.

ஒரு பரப்பு எந்த நிறத்தில் தெரியவேண்டும் என்று கணக்கிடும் சிறு புரோகிராமுக்கு ஷேடர் என்று பெயர். கேம்கியூப் சில்லில் அந்த வேலையைச் சுவிட்சுகள் போன்ற அமைப்புகள் செய்தன. நிறங்களை 16 படிகள் வரை கலக்கலாம். விளையாட்டு நினைத்தபோதெல்லாம் இவற்றை மாற்றும். பெட்டிக்கு இது மிகச் சிறிய வேலை. நம் கணிப்பொறிக்கோ, ஒவ்வொரு புதிய அமைப்புக்கும் ஒரு ஷேடர் எழுதி, அதைத் தன் கிராஃபிக்ஸ் சில்லின் மொழிக்குப் பெயர்க்க வேண்டும். அதற்குள் 16.7 மில்லி வினாடி கடந்துவிடுகிறது. அதுவே விக்கல்.

பெயர்த்ததை வட்டில் சேமித்து வைப்பதுதான் ஷேடர் கேச். அதே எதிரி மறுபடி வந்தால் சேமித்ததை எடுத்தால் போதும். கார்டையோ டிரைவரையோ மாற்றினால் பழைய மொழிபெயர்ப்பு உதவாது. புதுக் கார்டு வாங்கியவருக்கும் இந்த வேலை உண்டு!

சரி, முதல் விக்கலுக்கு என்ன செய்வது? எல்லா அமைப்புகளையும் முன்கூட்டியே பெயர்க்கலாமென்றால் அவை எண்ணி மாளா. 2017-இல் டால்ஃபின் குழுவினர் ஊபர்ஷேடர் என்ற வழியைச் சேர்த்தனர். சுவிட்சுகளைத் தானே படித்து, பழைய சில்லைப் போலவே நடக்கும் பெரிய ஷேடர் அது. புதிய அமைப்பு வந்தாலும் நிற்காது. ஆனால் கிராஃபிக்ஸ் சில்லுக்குப் பெருஞ்சுமை. ஆகவே 'ஹைபிரிட்' முறையில், தனி ஷேடர் பின்னணியில் தயாராகும்வரை மட்டும் இது வேலை செய்யும். எனக்கு இதுவே மிகச் சாமர்த்தியமான ஏற்பாடாகத் தோன்றுகிறது.

உங்கள் கணிப்பொறியில் விக்கினால், அதே இடத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் முறை விக்கவில்லையா? ஷேடர்தான் காரணம், ஹைபிரிட் முறைக்கு மாற்றுங்கள். எப்போதும் விக்கினால் படத்தின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். அதனால் சரியானால் கிராஃபிக்ஸ் சில்லுக்குச் சுமை அதிகம். மாறவே இல்லையென்றால், பெரும்பாலும் பிராசசரின் வேகம் போதவில்லை. புதுக் கார்டு அதைத் தீர்க்காது.