ஒரு சிஸ்டருக்கு எத்தனை நோயாளி?

30 படுக்கை உள்ள பொது வார்டு. ஆறு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று கணக்கிட்டால் ஐந்து பேர் போதும் என்று தோன்றும். அது ஒரு ஷிஃப்டுக்குத்தான். மூன்று ஷிஃப்டுக்கு 15 பேர். வார விடுப்பு, பிரசவ விடுப்பு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் 30 சதவீதம் கூட்டினால் ஏறத்தாழ 20 பேர். இத்தனை இடங்களை அனுமதிக்காமல் விட்டாலோ, அனுமதித்ததை நிரப்பாமல் விட்டாலோ, நைட் ட்யூட்டியில் முழு வார்டும் ஒரே சிஸ்டரின் தலையில் விழும்.

அப்போதும் ஊசியும் டிரிப்பும் நிற்பதில்லை. காலையில் டாக்டர் ரவுண்ட்ஸில் கேட்பார். யாரும் கேட்காத வேலைகள்தான் முதலில் விடுபடும். அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது, வாயைச் சுத்தம் செய்வது, தண்ணீர் குடித்தாரா என்று விசாரிப்பது, மூச்சு வாங்குவது கூடியிருக்கிறதே என்று ஒரு நிமிடம் நின்று பார்ப்பது. படுக்கைப்புண் வருவதும், நிலை மோசமாவதைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதும் இங்கேதான் தொடங்குகின்றன.

ஆயாக்களும் போதாத இடத்தில் இந்த வேலை நோயாளியின் மனைவிக்கோ மகளுக்கோ போகிறது. கூட இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று நாமும் பழகிவிட்டோம். ஆள் பற்றாக்குறை வெளியே தெரியாமல் போவதற்கு இந்தப் பழக்கமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பற்றி லிண்டா ஐக்கன் குழுவினர் செய்த ஆய்வு 2002-ல் வெளியானது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. சோர்ந்துபோன சிஸ்டரின் சிடுசிடுப்பைப் பற்றிப் பேசும் நாம் இந்த எண்ணைப் பற்றியல்லவா பேச வேண்டும்?

ஆட்கள் நிலைக்காததற்குச் சம்பளமும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் 2015-ல் அரசுப் பணித் தேர்வு எழுதி வந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்கு நிறைவேறாததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் திரண்டு போராடினார்கள். அந்தச் சம்பளத்தில் யார் நிலைத்திருப்பார்கள்?

ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளி என்பதற்கே கலிஃபோர்னியா 1999-ல் சட்டம் இயற்றி, 2004-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இப்போது அங்கே பொது வார்டில் ஒரு செவிலியருக்கு ஐந்து நோயாளி, ஐ.சி.யு.வில் இரண்டு. பதிவேட்டில் எத்தனை பேர் என்பது அங்கே செல்லாது; அந்த நேரத்தில் வார்டில் நிற்பவர்களைத்தான் எண்ணுவார்கள். ஒருவர் சாப்பிடப் போனால், அவருடைய நோயாளிகளைப் பார்க்க வேறொருவர் வந்தாக வேண்டும்.