ஏழு நாளா, முப்பது நாளா?

“கடந்த முப்பது நாளில் உங்கள் வீட்டில் எத்தனை கிலோ அரிசி செலவானது?” தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் களப்பணியாளர்கள் பல்லாண்டுகளாகக் கேட்டுவந்த கேள்வி இது. “கடந்த ஏழு நாளில்” என்று இதை மாற்றிப் பார்த்தபோது, நாட்டில் ஏழைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது!

1994 முதல் 1998 வரை நடந்த சோதனை அது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியிடம் பழைய கேள்வி; மறு பாதியிடம் உணவுக்கு ஏழு நாள், துணிமணி, படிப்பு போன்றவற்றுக்கு ஓராண்டு. பிரித்தது குலுக்கல் என்பதால், விடைகளில் தெரிந்த வேறுபாட்டுக்குக் குடும்பங்கள் காரணமில்லை, கேள்விதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. நல்ல ஆய்வு வடிவமைப்பின் வலிமை இதுதான்.

எந்த விடை உண்மைக்கு அருகில் இருந்தது? ஒரு மாதச் செலவில் சில மறந்துபோகும். ஒரு வாரக் கணக்கிலோ, பத்து நாளுக்கு முன் வாங்கியதும் சேர்ந்துகொள்ளும். 1950களிலேயே புள்ளியியல் அறிஞர்களான மகலனோபிசும் சென்னும் உணவுப் பொருள்களை எடைபோட்டுச் சோதித்திருந்தார்கள். அப்போது முப்பது நாள் விடையே எடைக்கு நெருங்கி நின்றது.

சிக்கல் 1999-2000 கணக்கெடுப்பில் வெடித்தது. ஒரே குடும்பத்திடம் ஏழு நாள் கேள்வியையும் முப்பது நாள் கேள்வியையும் அடுத்தடுத்துக் கேட்டார்கள். ஒரு விடை இன்னொன்றை இழுத்தது. 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 சதவீதமாகிவிட்டது என அரசு அறிவிக்க, பொருளாதார அறிஞர்களிடையே பெரும் விவாதம் மூண்டது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன், இரு கணக்கெடுப்பிலும் கேள்வி மாறாத பொருள்களை மட்டும் பிடித்துக்கொண்டு மறுகணக்குப் போட்டார். வறுமை உண்மையிலேயே குறைந்திருந்தது, ஆனால் அறிவித்த அளவுக்கு இல்லை.

2004-05ஆம் ஆண்டின் வறுமைக்குத் திட்டக்குழு இரண்டு எண்களை வெளியிட்டது: எல்லாவற்றுக்கும் முப்பது நாள் என்றால் 27.5 சதவீதம், எப்போதாவது வாங்கும் பொருள்களுக்கு ஓராண்டு என்றால் 21.8. இடையில் நிற்பவர்கள் ஏறத்தாழ ஆறு கோடிப் பேர்! ரேஷன் முதல் உதவித்தொகை வரை வறுமைக் கணக்கைப் பார்த்து முடிவான நாட்டில், இது வெறும் புள்ளிவிவரச் சண்டையாக இருக்க முடியாது.

2022-23 கணக்கெடுப்பில் வினாத்தாளை மூன்றாகப் பிரித்து, ஒரே வீட்டுக்கு மூன்று முறை சென்றார்கள். அதன் முடிவுகளை 2011-12 கணக்கெடுப்புடன் ஒப்பிடுபவர்கள், முதலில் கேட்ட விதத்தையும் ஒப்பிட்டாக வேண்டும்.