மலிவாக வந்த மேல்தட்டு அறை

சவுதாம்ப்டனிலிருந்து நியூயோர்க்குக்கு 'குயின் மேரி 2' கப்பலில் ஏழு இரவுப் பயணம். நடுக்கப்பலில், கீழ்த்தட்டு அறையொன்றை எனக்கும் மனைவிக்கும் பதிவு செய்திருந்தேன். மேலதிகக் கட்டணம் செலுத்தினால் எட்டாம் தட்டில் பல்கனி அறை தரலாம் என்றார் முகவர். மலிவுதான். ஆனால், மலிவு என்பதற்காக மட்டும் நாம் சரக்கு எடுப்பதில்லையே!

அத்தட்டில் பல அறைகளின் பார்வையை உயிர்காப்புப் படகுகள் மறைக்கும். அறை இலக்கத்தைக் கேட்டேன், பிறகுதான் தெரியுமாம். உயரே போகப்போக ஆட்டமும் கூடும். மனைவிக்கோ கடற்பயணம் ஒத்துக்கொள்ளாது. டிசம்பர் மாத அத்திலாந்திக் குளிரில் பல்கனியில் எவ்வளவு நேரம் இருப்போம்? சாப்பாட்டு மண்டபமும் அதேதான். மறுத்துவிட்டேன்.

வியாபாரிகளே, சலுகை வந்தால் விலையை மட்டும் பார்க்காதீர்கள். கையிலிருக்கும் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதையும் கணக்கில் எழுதுங்கள்.