குப்பை நசுக்கும் மெஷின் வேண்டுமா?

சமையலறைக் குப்பையை அழுத்திக் கட்டியாக்கும் மின்சார மெஷின் அமெரிக்காவில் 1969-ல் விற்பனைக்கு வந்தது. குப்பையின் அளவு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். எடையோ அப்படியே இருக்கும், நாற்றமும்தான்!

மூணாறு லயங்களிலும் கஞ்சிக்கோட்டு வாடகை வீடுகளிலும் இருக்கும் தமிழர்களுக்கு இது பயன்படுமா? சந்தேகமே வேண்டாம், வீண் செலவு. வீடு தேடி வரும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கைத்தான் வாங்குவார்கள். மீன் முள்ளோடு பால் கவரும் சேர்ந்து நசுங்கிவிட்டால் பிறகு யார் பிரிப்பது?

கலந்து கொட்டினால் என்ன ஆகும் என்பதை மூணாறு கண்டிருக்கிறது. 2023-ல் கல்லாறு குப்பைக் கிடங்குக்கே காய்கறிக் கழிவு தேடி வந்தது படையப்பா என்ற காட்டு யானை.

மூடியுள்ள வாளிகள் இரண்டு வாங்கினால் போதும். ஒன்று நிறையும்போது மற்றதில் கழிவு மக்கிக்கொண்டிருக்கும். அவ்வப்போது தென்னை நார்த்தூளோ காய்ந்த சருகோ தூவினால் நாற்றம் அடங்கும். கறிவேப்பிலைச் செடிக்கு நல்ல உரம்.